பிளக்காமல் கிடந்த மரம்

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதுகிறேன். அவர் போய் ஆறு மாசம் ஆகிறது. ஆறு மாசமாக உங்களோடு பேச்சில்லை. இப்போதும் சமாதானத்துக்கு எழுதவில்லை, சண்டைக்குத்தான் எழுதுகிறேன். போனில் கூப்பிடலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் சாவு வீட்டில் சொன்னதையே மறுபடி சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் உங்கள் விறகுக் கிடங்கின் லாரிக்காரரிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய விறகு ஈரம்.

ஜனவரியில் அவருடைய புகைக்கறிக் கடையை மறுபடி திறந்தேன். பின்பக்கம் அவர் கொண்டுவந்து அடுக்கியிருந்த பழைய விறகு ஒரு மாசத்துக்கு வந்தது. அதில் கறி நன்றாகத்தான் வெந்தது. எதிர்க்கடைத் தையல்காரர் விலா எலும்பைக் கடித்துக்கொண்டே, “பரவால்லையேம்மா, அவரு சொல்லிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு” என்றார். அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கடையின் முன்பக்கம் நின்று பொட்டலம் கட்டிக்கொண்டே அவர் கையைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

பழையது தீர்ந்தது, உங்கள் லோடு வந்தது, அத்தோடு எல்லாம் போயிற்று. கட்டையை வைத்தால் முனையில் நுரை கொப்பளிக்கிறது. சுர்ரென்று அழுகிறது. பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பின் புகைக்குழாயில் பஞ்சு மாதிரி வெள்ளைப் புகை. அவர் இருந்தபோது புகை வருவதே தெரியாது, கண்ணை இடுக்கிப் பார்த்தால் லேசாக ஒரு நீலம் தெரியும். இப்போது சூடு ஏறவில்லை என்று இன்னொரு கட்டை வைக்கிறேன், அதுவும் சேர்ந்து அழுகிறது. நேற்றுத் தையல்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஏம்மா, கறிய அடுப்புல சுட்டியா, தார் ரோட்டுல பொரட்டி எடுத்தியா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் மீதியைச் சாப்பிடவில்லை.

மார்ச் 28 கடைக்குப் பின்னாலேயே இருக்கிற பஸ் பணிமனையில் விருந்து. மேஸ்திரி ஓய்வு பெறுகிறார். இருநூறு பேர். உங்கள் தம்பி உயிரோடு இருக்கும்போது கறிக்கு ஒத்துக்கொண்டது. மகள் தினம் போன் பண்ணி, “கடைய மூடிட்டு இங்க வந்து உக்காரும்மா, ரூம் ரெடியா இருக்கு” என்கிறாள். உட்காரச் சொல்லாதே என்று கத்தினேன். கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் கறி கசந்தால் கடையை மூடிவிட்டு அவளிடம் போய்விடுவேன். நன்றாக வந்தால் இனி அவள் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

அதனால் கேட்கிறேன். என் மேல் இருக்கிற கோபத்தில் பச்சை மரத்தை ஏற்றி அனுப்பினீர்களா?


பிப்ரவரி 14

பம்பரத்துக்கு,

ஒரு இடத்தில் நிற்க மாட்டாய் என்று என் தம்பி உனக்கு வைத்த பேர். எனக்கு வேறு பேர் வாயில் வரவில்லை. லாரிக்காரர் உன் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து, “பாத்துப் புடிங்க முதலாளியம்மா, சுடுது” என்றார். படித்துவிட்டார் போலிருக்கிறது.

பச்சை மரமா? மாங்கட்டையும் கொய்யாக் கட்டையும் வெட்டி இரண்டு வருஷம் என் கிடங்கில் வெயில் பார்த்தது. முனையெல்லாம் வெடித்திருக்கும், பார். செங்கல் சூளைக்காரர் எரிக்கிறார், சுண்ணாம்புக்காரர் எரிக்கிறார். முப்பது வருஷத்தில் ஒருத்தர் வந்து ஈரம் என்று சொன்னதில்லை. நீ பொட்டலம் கட்டினவள். அடுப்புக்குக் காற்று எவ்வளவு விடணும், மூடியை எப்போது தூக்கணும் என்று உனக்கு என்ன தெரியும்? ஆடத் தெரியாதவள் என்று எழுத வந்தேன், வேண்டாம், விடுகிறேன்.

அவன் மாசம் இரண்டு தடவை இங்கே வருவான். தன் விறகைத் தானே பார்த்துப் பார்த்து எடுப்பான். நீ கூட வந்து ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் இன்று எனக்குக் கடிதம் எழுதத் தேவையில்லை. நீதான் “போங்க, போய் அக்காவப் பாத்துட்டு வாங்க” என்று விரட்டிவிடுவாயாமே. சிரித்துக்கொண்டே சொல்வான்.

சாவு வீட்டில் நூறு பேர் நடுவில் என்னைக் கொலைகாரி என்றாய். அதை நான் விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. ஆனால் விறகில் பழி வாங்குகிற புத்தி எனக்குக் கிடையாது. அது அவன் அடுப்பு.

இரும்புக் கடையில் ஈரம் பார்க்கிற மெஷின் விற்கிறார்கள். கைக்கு அடக்கமாக, இரண்டு ஊசி வைத்தது. வாங்கிக் குத்திப் பார். நூற்றுக்கு இருபதுக்குக் கீழே ஈரம் காட்டினால் வாயை மூடிக்கொண்டு அடுப்பைக் கற்றுக்கொள்.


பிப்ரவரி 22

அண்ணிக்கு,

மூன்று நாளாக இதை எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவேன், எழுந்து பின்பக்கம் போவேன், விறகை இடம் மாற்றுவேன், திரும்பி வருவேன். அந்த விறகை நான் ஒரு இடத்தில் இருக்க விடவில்லை. சுவரோரம் இருந்ததை வெயிலுக்கு இழுத்தேன். வெயில் நகர்ந்ததும் நானும் நகர்த்தினேன். பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் சன்னல் வழியாகப் பார்த்து, “என்னம்மா, கட்டைக்குக் காத்து வாங்கப் போறியா? நடத்திக் கூட்டிட்டுப் போ” என்கிறார்.

மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். உங்களிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ரொட்டிக்கடைக்காரரைக் கெஞ்சி, ரொட்டி எடுத்தபின் சூடு அடங்காத அடுப்பில் மெல்லிசான கட்டையாகப் பார்த்து இருபது வைத்தேன். மறுநாள் வரை உள்ளேயே கிடந்தது. அவர் ஒவ்வொரு கட்டையாக வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்து, “வெந்துருச்சு. வெண்ணெய் தடவவா?” என்றார். அன்றைக்குத்தான் நான் கொஞ்சம் சிரித்தேன்.

அது காகிதம் மாதிரி எரிந்தது. பொத்தென்று பிடித்துக் கொழுந்துவிட்டு, ஒரு கோழி வேகும் முன்னால் ஐந்து கட்டை தீர்ந்தது. கோழித் தோல் கரி. உள்ளே இரத்தம். கையால் பிய்த்துப் பார்த்துவிட்டு நானே குப்பையில் போட்டேன்.

பிறகு மெஷின் வாங்கினேன். ரொட்டியடுப்பில் வைத்ததில் மிச்சம் ஒன்று இருந்தது, குத்தினேன், ஆறு. நீங்கள் அனுப்பியதில் பத்துக் கட்டை குத்தினேன். பன்னிரண்டு, பதிமூன்று, பன்னிரண்டு, பதினொன்று. ஒன்றுகூட இருபதைத் தொடவில்லை. மெஷின் உங்கள் பக்கம் பேசுகிறது. வாயை மூடிக்கொள்ளச் சொன்னீர்கள், மூடிக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணி, பன்னிரண்டு காட்டுகிற கட்டை எதற்கு நுரைக்கிறது? என் கண் பொய் சொல்லுமா? இன்று காலையும் வைத்தேன். இன்றும் அழுதது. மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்து, “பாத்துக்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


பிப்ரவரி 26

பம்பரத்துக்கு,

நீ எங்கே குத்தினாய்? வெளித் தோலிலா, அறுத்த முனையிலா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று முழுக்க அதுதான் யோசனை. மற்றதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், மரம் எனக்கு அன்னமிடுகிற தொழில். பன்னிரண்டு காட்டுகிற மரம் நுரைக்காது. நுரைத்தால் மெஷின் பார்த்த இடம் தப்பு.

மரம் வெளியே காய்ந்துவிடும். அதைப் பார்த்து ஏமாறாதே. தடிப்பான கட்டை ஒன்றை எடுத்து ஆள் வைத்துப் பிள. பிளந்த உடனே உள்முகத்தில், நட்டநடுவில், ஊசியை ஆழமாக இறக்கு. தம்பி அப்படித்தான் செய்வான். கோடாரியைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக அந்த மெஷினை எடுத்துக் குத்துவான். எதற்கு என்று நான் கேட்டதில்லை. அவன் விளையாட்டு என்று நினைத்தேன்.

பார்த்துவிட்டு நம்பரைச் சொல்லி அனுப்பு. கடிதம் வேண்டாம், லாரிக்காரரிடம் வாயால் சொன்னால் போதும்.


மார்ச் 1

அண்ணிக்கு,

முப்பத்தொன்று.

ரொட்டிக்கடைக்காரர் பிளந்து கொடுத்தார். உள்ளே தொட்டால் கை குளிர்ந்தது. நான்கு கட்டை பிளந்தோம். முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று. வெளியே பன்னிரண்டு, உள்ளே முப்பத்தொன்று.

நான் இதைத்தான் எழுத வேண்டும், இதற்காகச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் நேற்றிலிருந்து உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் கண்ணில் நிற்கிறது. கோடாரியைக் கீழே வைத்ததும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் கோடாரி எடுத்தாரா?

அவர் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நெஞ்சு வலி வந்தது. டாக்டர் பாரம் தூக்கக் கூடாது, ஓங்கிச் செய்கிற வேலை எதுவும் கூடாது என்றார். கடையில் நான் ஒரு சட்டி தூக்கவிட்டதில்லை. உங்கள் கிடங்குக்குப் போனால், “நான் கை காட்டுவேன், ஆளுங்க ஏத்துவாங்க. எனக்கு அங்க ராஜா உத்தியோகம்” என்பார். ஆஸ்பத்திரியில் உங்கள் ஆள் ஒருத்தர் என்னிடம், “கட்டை தூக்கும்போது விழுந்துட்டாரு” என்றார். ஆள் குறைவாக இருந்த ஒரு நாளில் நீங்கள் அவரைக் கை கொடுக்கச் சொல்லிவிட்டீர்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் அன்றைக்கு அப்படிக் கத்தினேன்.

இப்போது நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அது ஒரு நாள் இல்லை. மாசம் இரண்டு தடவை. இரண்டு வருஷம். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அடிக்கட்டும்.


மார்ச் 6

எந்த டாக்டர்?

என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவன் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. என் தம்பிக்கு நெஞ்சு வலி வந்தது எனக்கு இப்போது, உன் கடிதத்தில், லாரிக்காரர் முன்னால் நின்றுகொண்டு படிக்கும்போது தெரிகிறது.

என்னிடம் மரம் பிளக்கிற மெஷின் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும். நான் எத்தனையோ தடவை சொன்னேன். “அக்கா, சும்மா உக்காந்து உன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கச் சொல்றியா? கை வேலை செஞ்சாத்தான் எனக்கு வாய் வரும்” என்பான். வெட்டிக்கொண்டே பேசுவான். எங்கள் அப்பாவைப் பற்றிப் பேசுவான். உன்னைப் பற்றிக் குறை சொல்வான், பிறகு அதையே பெருமையாகச் சொல்வான். எனக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது, உனக்குத் தெரியும். அவன் கையிலிருந்து கோடாரியை வாங்கினால் பேச்சு நின்றுவிடுமே என்று நானும் விட்டுவிட்டேன். தெரிந்திருந்தால் அந்தக் கோடாரியை நான் கிணற்றில் போட்டிருப்பேன்.

விறகு விஷயம். நேற்றுக் கிடங்கில் முழு உருளை ஒன்றை மெஷினில் பிளந்து உள்ளே குத்தினேன். முப்பத்து மூன்று. நான் உனக்கு எழுதியது பொய் இல்லை. இரண்டு வருஷம் வெயில் பார்த்த மரம்தான். ஆனால் தோலோடு, முழுசாக, உருளையாகப் பார்த்தது. தோல் இருக்கிற வரைக்கும் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வராது. செங்கல் சூளைக்கு அது போதும், அந்த நெருப்பு எதையும் தின்னும். உன் பீப்பாய் தின்னாது. தம்பி இங்கே வந்து ஆறு மாசம் கழித்து எரிக்க வேண்டிய மரத்தை இப்போதே பிளந்து, பழைய ஷெட்டில் காற்று போக இடம் விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிவிட்டு, ஆறு மாசம் முன்னால் அடுக்கியதை ஏற்றிக்கொண்டு போவான். அவன் என்னோடு பேசத்தான் வருகிறான், கூடவே நாலு கட்டை பிளக்கிறான் என்று நினைத்தேன். அவன் போனதும் நான் என்ன செய்தேன்? லாரி வந்த அன்றைக்கு உருளையைப் பிளந்து அன்றைக்கே உனக்கு ஏற்றிவிட்டேன்.

அவன் கடைசியாகப் பிளந்து அடுக்கியது ஷெட்டில் அப்படியே இருக்கிறது. நான் உள்ளே போகவில்லை, யாரையும் விடவுமில்லை. அதை மட்டும் என்னிடம் கேட்காதே.


மார்ச் 10

அண்ணி,

கேட்க மாட்டேன். கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். அவர் கை பட்ட கட்டையை எடுத்து நெருப்பில் வைக்க எனக்குக் கை வராது.

இதை உட்கார்ந்து எழுதவில்லை. கடையின் முன்பலகையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் ஒன்று ஞாபகம் வருகிறது. அதை உங்களிடம் சொல்லிவிட்டால் போய்விடுமோ என்று பார்க்கிறேன்.

டாக்டர் சொன்னதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். “அக்காவுக்குத் தெரிஞ்சா என்னக் கிடங்கு வாசல்லயே நிக்க விடாது” என்றார். சரி என்றேன். அது மட்டும் இல்லை. உங்களிடமிருந்து வருகிற அன்றைக்கெல்லாம் அவர் உள்ளங்கை காய்த்துப் போய், சில நாள் தோல் உரிந்து இருக்கும். என்ன இது என்றால், “கயிறு இழுத்தேன்” என்பார். அந்தக் கையில் நான் எண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன். கயிறு இழுத்த கை அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும் அண்ணி. தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் போக மாட்டார், போகாவிட்டால் கடையில் என் தலைமேல் நின்று இதை இங்கே வை, அதை அங்கே வை என்று உயிரை எடுப்பார். எனக்கு இரண்டு நாள் நிம்மதி வேண்டியிருந்தது.

ஒரு வார்த்தை நான் உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். ஏழு மாசமாக யாரைக் கொலைகாரி என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்? நான் சொன்னது தப்பு. நூறு பேர் முன்னால் சொன்னதை ஒரு தாளில் திரும்ப வாங்க முடியாது. இருந்தாலும் எழுதுகிறேன். தப்பு.

விறகுக்கு அலைந்து பார்த்தேன். சந்தையில் மூன்று இடம். கடைக்காரர்கள் முன்னாலேயே பிளக்கச் சொல்லிக் குத்தினேன். ஒருவர், “கட்டை வாங்க வந்தியா, ஊசி போட வந்தியா?” என்று விரட்டிவிட்டார். எல்லாம் முப்பதுக்கு மேல். இன்னும் பதினெட்டு நாள். அதற்குள் எந்த மரமும் காயாது. மேஸ்திரியிடம் நாளைக்குப் போய் முடியாது என்று சொல்லப் போகிறேன். மகளிடம் அறையை வைத்திருக்கச் சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள். எனக்குத்தான் அங்கே காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.


மார்ச் 18

பம்பரத்துக்கு,

மேஸ்திரியிடம் போகாதே. போயிருந்தால் திரும்பப் போய்ச் சொல்.

உன் கடிதம் நாலு நாளாகக் கணக்குப் புத்தகத்துக்குள் கிடந்தது. உன் மேல் கோபமா என்று கேட்டால், ஆமாம், கோபம்தான். ஆனால் நீ எழுதியதைப் படித்துக்கொண்டே வரும்போது பாதி இடத்தில் நான் எழுதியது மாதிரியே இருந்தது. நீ நிம்மதிக்காக விட்டாய், நான் பேச்சுத் துணைக்காக விட்டேன். அவன் நம் இரண்டு பேரையும் நன்றாக ஏமாற்றியிருக்கிறான். இருந்தால் இரண்டு காதையும் திருகியிருப்பேன்.

நேற்று ஷெட்டைத் திறந்தேன். அடுக்கு அப்படியே இருந்தது. கோடாரி சாய்ந்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. நான் அடுக்கைத் தொடாமல் நின்றுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் தரையில் பார்த்தால், கட்டைக்குக் கீழே வெள்ளையாக, மாவு சலித்த மாதிரி. வண்டு. மாங்கட்டையில் பொடிப்பொடியாக ஓட்டை. கிட்டப் போய்க் காதை வைத்தேன். உள்ளே கரகரவென்று தின்கிற சத்தம் கேட்கிறது.

அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். ஆட்கள் ஓடி வந்தார்கள். பாம்பு என்று நினைத்துவிட்டார்கள்.

இதைக் கேள். நான் பூட்டி வைத்தால் வண்டு தின்னும். அடுத்த மழைக்குள் தவிடாகிவிடும். இல்லாவிட்டால் நீ எரிக்க வேண்டும். வண்டுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. அவன் அதைப் பிளந்தது வைத்துப் பார்ப்பதற்கு இல்லை. இந்த மாதிரி ஒரு விருந்துக்குத்தான் பிளந்தான்.

ஒரு கட்டையை மெஷினில் பிளந்து நடுவில் குத்தினேன். பதினேழு. இன்னும் நாலு பிளந்தேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு, பதினேழு. முக்கால்வாசியை வண்டு அரித்துவிட்டது, அதைக் கழித்துவிட்டேன். மீதியைத் தட்டி, துடைத்து, வெயில் காட்டி ஏற்றுகிறேன். ஒரு விருந்துக்குக் காணும், அதற்கு மேல் ஒரு கட்டை மிஞ்சாது.

27ஆம் தேதி லாரி வரும். இனி கறி கசந்தால் மரத்தின் மேல் பழி போட முடியாது, ஞாபகம் வைத்துக்கொள்.


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

லாரி வந்து நின்றதும் விறகைப் பார்க்கத்தான் ஓடி வந்தேன். கதவு திறந்து முதலில் உங்கள் கால் இறங்கியது. வருவதாக ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் என்ன பேசுவது என்று யோசித்தாவது வைத்திருப்பேன். நீங்களும் எடுத்த எடுப்பில், “தண்ணி குடு” என்றீர்கள். நான் சொம்போடு ஓடி வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் உங்கள் புடவையில். “இன்னும் பம்பரம்தானா?” என்றீர்கள். அவர் போனதற்குப் பிறகு அந்தப் பேரை வாயால் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் முதல் கட்டையை நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள், ஆனால் விடவில்லை. நானும் ஒரு முனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் பிடித்துக்கொண்டே நின்றோம். ரொட்டிக்கடைக்காரர் மதில் மேல் எட்டி, “அக்காவும் தங்கச்சியும் கட்டைக்குச் சண்டையா? எரிய விடுங்கம்மா, இருநூறு பேரு பசியோட வரான்” என்று சொன்னாரே, இல்லாவிட்டால் இன்னும் நின்றுகொண்டுதான் இருப்போம்.

அந்தக் கட்டை அழவில்லை. சத்தமே இல்லாமல் பிடித்தது. நீங்கள் குழாயைப் பார்த்துவிட்டு, “பொக எங்க?” என்றீர்கள். நான் கண்ணை இடுக்கிப் பாருங்கள் என்றேன். பிறகு இருவரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். காலை முழுக்க நீங்கள் கட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள், நான் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தேன். கடைசிக் கட்டையை எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது, திரும்பிக் கை நீட்டினேன், உங்கள் கை காலியாக இருந்தது.

நீங்கள் சாப்பிடாமலே லாரி ஏறிவிட்டீர்கள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். மேஸ்திரி மூன்று தடவை வாங்கினார். மூன்றாவது தடவை தட்டை நீட்டிக்கொண்டு, “அவரு செஞ்சா மாதிரி இல்லம்மா” என்றார். அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “அவரு உப்ப அள்ளிக் கொட்டுவாரு. இதுல பொக வாசம் தெரியுது” என்றார். தையல்காரர் விருந்துக்கு அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மகளைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொன்னேன். “சரி, வாக்கு வாக்குதான்” என்றாள். பிறகு, “அப்பாவும் எல்லாத்துக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாரு. நீயும் ஏதாவது மறைக்கிறியாம்மா?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். எனக்கு முட்டி வலிக்கிறது, இடது கையில் சூடு பட்ட கொப்புளம் இருக்கிறது, ராத்திரி தூக்கம் சரியாக இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களுக்கும் எழுதிவிட்டேன். உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று நீங்களும் எழுத வேண்டும்.

கையில் இப்போது நல்ல விறகு ஒரு கட்டைகூட இல்லை. நீங்கள் முன்னால் அனுப்பிய ஈரக் கட்டையை விரல் தடிமனுக்கு மெல்லிசாகப் பிளந்து, ரொட்டியடுப்பின் சூடு நன்றாக அடங்கியபின் பாதி நாள் மட்டும் வைத்துப் பார்த்தேன். உடைத்துக் குத்தினால் பதினெட்டு. அதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோழி மட்டும் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அது எத்தனை நாளைக்கு? கிடங்கில் இருக்கிற உருளையை எல்லாம் இப்போதே பிளக்க வேண்டும். உங்கள் மெஷினில்தான், பொத்தானை அழுத்தி. திங்கட்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு நான் வருகிறேன். நீங்கள் ஆள் சொல்லி வையுங்கள். அடுக்குகிற வேலையை மட்டும் நானும் நீங்களும் பார்ப்போம், காற்று போக இடம் விட்டு.

ரொட்டிக்கடைக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரலில் பிளந்தால் அக்டோபரில்தான் எரியும். அதற்கு முன்னால் நான் எங்கேயும் போவதற்கில்லை.